பழைய இரண்டையும் யார் பார்ப்பது?



இந்த இதழின் தலையங்கத்தைச் சிறுநீரகத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நம் நண்பர்களில் ஒருவர், ‘நம்ம பத்திரிகை எப்போ ஆரோக்கிய மலரா மாறுச்சு?’ என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பு என்பது டாக்டர்களின் தனிச்சொத்து இல்லை. எந்த உடம்பைப் பார்ப்பது, அதில் எந்த உறுப்பைப் பார்ப்பது, எத்தனை வருஷம் பார்ப்பது, எப்போது பார்க்காமல் விடுவது என்பதெல்லாம் எங்கோ யாரோ எடுக்கிற முடிவுகள். அந்த முடிவுகளின் சுமை யார் தலையில் விழுகிறது என்று கேட்பது நம்மைப் போன்ற பத்திரிகைகளின் வேலை. அதற்காகத்தான் இந்தத் தலையங்கம்.

விஷயம் இதுதான். மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்களுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 முதல் 10 மடங்கு அதிகம். அப்படி வருகிற புற்று பத்தில் ஒன்பது பேருக்குப் புதிதாக வைத்த சிறுநீரகத்தில் வருவதில்லை. ‘இனி இது உதவாது’ என்று உள்ளேயே விட்டுவைத்த பழைய சிறுநீரகத்தில்தான் வருகிறது. புதியதைக் காப்பாற்ற மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, மருந்து, ஸ்கேன் எல்லாம் உண்டு. பழைய இரண்டையும் பார்த்தீர்களா என்று கேட்க ஆளில்லை.

‘பழசா? அதத்தான் எடுத்துட்டு வேற வச்சுட்டாங்களே’ என்றுதான் நம் சனங்களில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பம்புசெட்டில் எரிந்துபோன மோட்டாரைக் கழற்றிவிட்டு வேறு மோட்டார் மாட்டுகிற மாதிரி. அப்படி இல்லை. பழைய சிறுநீரகங்கள் முதுகெலும்பை ஒட்டி, விலாவுக்குக் கீழே ஆழத்தில் இருக்கின்றன. அவற்றை எடுப்பது தனியான பெரிய அறுவை. ரத்தம் போகும், நாள் ஆகும். அதனால் பெரிய கட்டிகளாக வீங்கி இடத்தை அடைக்கும் பரம்பரை நோய், ஓயாத சீழ், அடங்காத ரத்த அழுத்தம் போன்ற காரணம் இருந்தால் ஒழிய அவற்றைத் தொடுவதில்லை. புதியதை அடிவயிற்றில், பெரும்பாலும் வலது இடுப்பெலும்பின் குழிவில் வைத்து, அங்கே ஓடும் ரத்தக்குழாயோடு இணைத்து, அதன் சிறுநீர்க் குழாயை மூத்திரப்பையில் சேர்த்துவிடுகிறார்கள். ஆக, மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வருகிறவர் உடம்பில் மூன்று சிறுநீரகங்கள். 1954இல் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் மர்ரே இரட்டைப் பிள்ளைகளில் ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்கு வைத்து வெற்றி கண்டார். 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவிலேயே முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தார்கள். அன்று முதல் இன்று வரை இந்த ஏற்பாடுதான். மருத்துவ ரிப்போர்ட்டில் புதியதை ‘கிராஃப்ட்’ என்றும் பழையதை ‘நேட்டிவ் கிட்னி’ என்றும் எழுதுவார்கள். நேட்டிவ். வெள்ளைக்காரன் நம்மையெல்லாம் கூப்பிட்ட அதே சொல்.

வேலையில்லாமல் உள்ளே கிடக்கிற இந்தப் பழைய சிறுநீரகம் சும்மா கிடப்பதில்லை. அதற்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள டயாலிசிஸிலிருந்து தொடங்க வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் எந்திரத்தோடு கட்டப்பட்டுக் கிடக்கிறார். அந்தக் காலத்தில் அவருடைய சிறுநீரகம் சுருங்குகிறது. பத்துப் பதினோரு சென்டிமீட்டர் நீளம் இருந்தது ஆறு ஏழாகக் குறைகிறது. சுருங்கச் சுருங்க அதில் சின்னச்சின்ன நீர்க்கட்டிகள் முளைக்கின்றன. டயாலிசிஸ் தொடங்கி மூன்று வருஷத்தில் பத்தில் ஒருவர் இருவருக்கு இப்படி. ஐந்து வருஷம் தாண்டினால் பாதிப் பேருக்கு. பத்து வருஷம் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும். இந்தக் கட்டிகளின் சுவரில்தான் சிலருக்குப் புற்று தோன்றுகிறது. டயாலிசிஸ்காரர்களின் நீர்க்கட்டியிலிருந்து வருகிற ஒரு தனி வகைப் புற்றையே உலக சுகாதார நிறுவனம் 2016இல் தன் வகைப்பாட்டில் சேர்த்துக்கொண்டது. மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு கட்டிகள் கொஞ்சம் அடங்கலாம். ஆபத்து அடங்குவதில்லை. ஏனென்றால் புதிய உறுப்பை உடம்பு விரட்டாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். வேற்று உறுப்பை விரட்டும் அதே காவல்தான் புற்று அணுவையும் விரட்டுவது. காவலைத் தளர்த்தினால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் தளர்கிறது. மாத்திரையை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் புதிய சிறுநீரகம் போய்விடும்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. இந்தப் புற்று சத்தம் போடாது. மற்றவர்களுக்கு மூத்திரத்தில் ரத்தம் வரும், பயந்துபோய் டாக்டரிடம் ஓடுவார்கள். பழைய சிறுநீரகத்தில் மூத்திரமே ஊறாதவருக்கு அந்த எச்சரிக்கையும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மாதாமாதம் பார்க்கிற கிரியாட்டினின் அளவு புதிய சிறுநீரகம் எப்படி ஓடுகிறது என்று மட்டும் சொல்லும். பழையதில் கட்டி வளர்ந்தாலும் அந்த எண் அசையாது. ஆக, உள்ளே பார்த்தால்தான் தெரியும். சின்னதாக இருக்கும்போது தெரிந்துவிட்டால் வைத்தியம் சுலபம். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு அந்தப் பழைய சிறுநீரகத்தையே எடுத்துவிடலாம். அது ஏற்கனவே வேலைசெய்யாத உறுப்பு, எடுத்ததால் இழப்பு ஒன்றும் இல்லை. புதியது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஊரில் எந்தப் புற்றுநோய்க்காரருக்கும் கிடைக்காத சலுகை இது. காலம் தாழ்ந்து, புற்று நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவிய பிறகு தெரிந்தால் நிலைமை தலைகீழ். பரவிய சிறுநீரகப் புற்றுக்கு இன்று இருக்கும் நல்ல மருந்துகளில் முக்கியமானவை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுபவை. அவற்றைக் கொடுத்தால் தூண்டப்பட்ட அந்தச் சக்தி மாற்றுச் சிறுநீரகத்தையே தாக்கக்கூடும். ஒருவர் உயிரைக் காப்பாற்றப் போய், அம்மா கொடுத்த சிறுநீரகத்தைப் பறிகொடுக்க வேண்டிய இக்கட்டு. சீக்கிரம் பார்ப்பதற்கும் தாமதமாகப் பார்ப்பதற்கும் நடுவில் இவ்வளவு தூரம்.

சரி, எப்படிப் பார்ப்பது?

முதலாவது எல்லோருக்கும் தெரிந்த அல்ட்ராசவுண்ட், வயிற்றில் ‘ஜெல்’ தடவிப் பார்க்கிற ஸ்கேன். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, செலவு குறைவு, அரசு மருத்துவமனையில் கிடைக்கும். மலைக்கோட்டையைத் திருச்சியில் எங்கே நின்றாலும் பார்த்துவிடலாம். அதன் அடிவாரச் சந்துகளைப் பார்க்க இறங்கி நடந்தால்தான் உண்டு. இந்த ஸ்கேனும் அப்படித்தான். புதிய சிறுநீரகம் அடிவயிற்றில் தோலுக்குக் கொஞ்சம் கீழேயே இருப்பதால் கருவியை வைத்தவுடன் பளிச்சென்று தெரியும். பழையவை ஆழத்தில், குடலின் காற்றுக்குப் பின்னால், சுருங்கி, சுற்றியிருக்கும் கொழுப்போடு நிறம் கலந்து கிடக்கும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, விலா இடுக்கு வழியாகத் தேடினால்தான் கிடைக்கும். நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது யார் தேடுவது? தேடினாலும் சாதாரண நீர்க்கட்டியா, ரத்தம் கசிந்த கட்டியா, திடமான கட்டியா என்று பிரித்துச் சொல்வது சில நேரம் கஷ்டம். ஆனாலும் முதல் வாசல் இதுதான்.

இரண்டாவது சி.டி. ஸ்கேன். வேலூரில் அந்த முதல் மாற்று அறுவை நடந்த அதே 1971இல்தான் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலைக்குள் பார்த்தது. 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கட்டி புற்றா இல்லையா என்று சி.டி.யில் சொல்ல, ஊசி வழியாக ‘டை’ ஏற்றிப் படம் எடுக்க வேண்டும். மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு படம், ஏற்றியபின் ஒரு படம். ரத்த ஓட்டமுள்ள கட்டி மருந்தை உறிஞ்சி வெளுப்பாகும். வெறும் நீர்க்கட்டி உறிஞ்சாது. அந்த வெளுப்பு 20 அலகுக்குமேல் கூடினால் சந்தேகம் உறுதிப்படும். இங்கேதான் சிக்கல். இருப்பதே ஓடுகிற ஒரு சிறுநீரகம். இந்த அயோடின் மருந்து அதைக் கெடுத்துவிடுமோ என்று பயம். ‘கிரியாட்டினின் கூடிரும், டை வேணாம்’ என்று மருந்தில்லாமல் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் பாதி உண்மைதான் இருக்கும். இந்தப் பயம் பெரிதுபடுத்தப்பட்டது என்று அமெரிக்கக் கதிரியல் மருத்துவர்களும் சிறுநீரக மருத்துவர்களும் 2020இல் சேர்ந்தே சொன்னார்கள். சிறுநீரகம் ஓரளவு நன்றாக ஓடுகிறவருக்கு ஆபத்து குறைவு. மிகவும் பலவீனமாக ஓடுகிறவருக்குத்தான் முன்ஜாக்கிரதை வேண்டும். உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்து, தேவையான அளவு மருந்து மட்டும் ஏற்றினால் பெரும்பாலோருக்குச் செய்துவிடலாம்.

மூன்றாவது எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சு இல்லை, சின்னக் கட்டியின் உள்ளமைப்பையும் பிரித்துக் காட்டும். இதற்கு ஏற்றுகிற மருந்து கடோலினியம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அதைக் கொடுத்தபோது தோலும் மூட்டும் கட்டைபோல இறுகிப்போகும் நோய் சிலருக்கு வந்தது. மருந்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிப்பட்டது. அதன்பின் வந்த புதுவகை கடோலினிய மருந்துகளில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. மருந்தே ஏற்றாமல், உடம்பிலுள்ள நீரின் அசைவை வைத்துக் கட்டியை எடைபோடும் முறையும் எம்.ஆர்.ஐ.யில் உண்டு.

நான்காவதுதான் இவர்களுக்கென்றே வந்தது போன்றது. நுண்ணிய வாயுக் குமிழிகளை ரத்தத்தில் செலுத்தி அல்ட்ராசவுண்டிலேயே பார்ப்பது. குமிழிகள் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதில்லை. சில நிமிஷத்தில் மூச்சோடு போய்விடுகின்றன. சிறுநீரகத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. சுருங்கிய சிறுநீரகத்தில், சி.டி.யில் லேசாகத்தான் வெளுக்கிற புற்றுவகைகளைக்கூட இதில் பிடிக்க முடிகிறது. ஆனால் அந்த மருந்து விலை கூடியது, பழகிய கை வேண்டும். சாதாரண அரசு மருத்துவமனைக்கு இது இன்னும் இறங்கி வரவில்லை.

நீர்க்கட்டி தெரிந்தால் உடனே வெட்ட வேண்டும் என்பதில்லை. மார்ட்டன் போஸ்னியாக் என்ற நியூயார்க் மருத்துவர் 1986இல் கட்டிகளைப் பார்வையை வைத்தே வகைபிரித்தார். 2019இல் அதைப் புதுப்பித்தார்கள். மெல்லிய சுவர், உள்ளே தண்ணீர் மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சுவர் தடித்து, குறுக்குச் சுவர்கள் எழும்பி, மருந்தை உறிஞ்சினால் விடக்கூடாது. நடுவில் இருப்பதை ஆறு மாதம், ஒரு வருஷம் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருப்பது, அதுதான் இங்கே வைத்தியத்தின் பாதி.

இத்தனை வழி இருக்கிறது, பிறகென்ன தகராறு? டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கு வருஷம் ஒருமுறை பழையதையும் புதியதையும் அல்ட்ராசவுண்டில் பாருங்கள் என்கிறார்கள் ஐரோப்பாவின் சிறுநீரியல் மருத்துவர்கள். எல்லோரையும் பார்ப்பதால் உயிர் மிஞ்சுகிறது என்பதற்கு ஆதாரம் போதாது, வீண் செலவு, வீண் பயம், தேவையில்லாத அறுவை என்கிறார்கள் வேறு பலர். மூன்று வருஷத்துக்குமேல் டயாலிசிஸில் இருந்தவர், கட்டிகள் உள்ளவர், குடும்பத்தில் இந்தப் புற்று வந்தவர் ஆகியோரை மாற்று அறுவைக்கு முன்பே ஸ்கேன் செய்யுங்கள் என்று 2020இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. மறுப்பவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஒரு சின்ன நிழலைக் காட்டி ஒரு குடும்பத்தை ஆறு மாசம் தூங்கவிடாமல் செய்வது சாதாரணத் துன்பமில்லை. ஆனால் இந்தத் தர்க்கத்தில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. ஆபத்து அதிகமானவர் யார்?

டயாலிசிஸ் எத்தனை வருஷம் நீள்கிறதோ அத்தனைக்கு ஆபத்து கூடுகிறது என்று பார்த்தோம். டயாலிசிஸ் யாருக்கு நீள்கிறது? காசுள்ளவன் வீட்டில் ரத்த வகை பொருந்தாவிட்டால்கூட, அதற்கென்று இருக்கிற விலையுயர்ந்த சிகிச்சையோடு சில மாதத்தில் மாற்று அறுவை முடிந்துவிடுகிறது. கூலிக்காரன் வீட்டில், கொடுக்க முன்வருகிற அம்மாவுக்கே ரத்தசோகை, மனைவிக்கு ரத்தக்கொதிப்பு. ‘நீங்க கொடுக்க முடியாது’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். பிறகு மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காக 2008 முதல் அரசு நடத்துகிற பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஆயிரக்கணக்கான பேர். காத்திருக்கும் வருஷங்களில் அவன் உடம்புக்குள் கட்டிகள் வளர்கின்றன. வெயிலில் வேலை செய்கிற விவசாயக் கூலிகளுக்கு, சர்க்கரையும் இல்லாமல் ரத்தக்கொதிப்பும் இல்லாமல், காரணம் பிடிபடாமலே சிறுநீரகம் போகிற கதையை ஆந்திரத்தின் உத்தானத்திலும் இலங்கையின் அனுராதபுரத்திலும் பார்த்தாகிவிட்டது. தமிழ்நாட்டு வயல்களிலும் அதைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆக, நோய் வருவதிலும் ஏற்றத்தாழ்வு, காத்திருப்பதிலும் ஏற்றத்தாழ்வு, காத்திருந்ததால் வரும் புற்றிலும் ஏற்றத்தாழ்வு. ‘எல்லாரையும் பார்க்க வேண்டாம்’ என்று சொல்லும்போது முதலில் விடுபட்டுப்போவது யாரைப் பார்த்தே ஆகவேண்டுமோ அவர்கள்தான்.

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒரு தோழரை எனக்குத் தெரியும். நாலரை வருஷம் டயாலிசிஸ். அம்மா கொடுத்தார்கள். இப்போது மூட்டை தூக்க முடியாது, கணக்கு எழுதுகிறார். மஞ்சப்பையில் ஆறு வருஷத்து ரிப்போர்ட்டையும் அடுக்கி வைத்திருக்கிறார். ஒருநாள் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் புதிய சிறுநீரகத்துக்கு அரைப்பக்கம். அளவு, ரத்த ஓட்டம், எல்லாம் உண்டு. கடைசியில் ஒரே வரி, ‘நேட்டிவ் கிட்னி சுருங்கியுள்ளது.’ இரண்டு வருஷம் அந்த வரியும் இல்லை. ஏழாம் வருஷம் கல்லடைப்போ என்று சந்தேகப்பட்டு வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது, அங்கிருந்த டாக்டரம்மா ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி நிதானமாகத் தேடியிருக்கிறார். இடது பழைய சிறுநீரகத்தில் மூன்று சென்டிமீட்டர் கட்டி. மருந்து ஏற்றி சி.டி. எடுத்தார்கள், புற்று என்று தெரிந்தது, எடுத்துவிட்டார்கள். அம்மா கொடுத்தது இன்றும் ஓடுகிறது. ‘அந்தம்மா திரும்பிப் படுன்னு சொன்னதால பொழச்சேன்ணே. அதுவரைக்கும் என்னைய யாரும் திரும்பிப் படுன்னு சொன்னதில்ல’ என்றார். ஆறு வருஷமும் அவர் சொன்ன தேதிக்குப் போனார், சொன்ன மாத்திரையைச் சாப்பிட்டார். பார்க்கச் சொல்லி அந்தச் சீட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான். சீட்டில் ‘கிராஃப்ட் பார்க்கவும்’ என்று எழுதியிருந்தால் ஸ்கேன் அறையில் கிராஃப்டைத்தான் பார்ப்பார்கள். ஸ்கேன் டாக்டரைக் குறைசொல்லி என்ன ஆகப்போகிறது? ஏற்பாடே அப்படி.

உறுப்பை வாங்கியவர் கதை இது என்றால், கொடுத்தவர் கதை இதைவிட மோசம். உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் இந்த நாட்டில் பெண்களே அதிகம், பெறுபவர்களில் ஆண்களே அதிகம். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன அம்மாவையும் மனைவியையும் பிறகு யார் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள்? விற்றவர்கள் நிலைமையைக் கேட்கவே வேண்டாம். வில்லிவாக்கம் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வாங்கியதை நாம் மறக்கவில்லை. 1994இல் சட்டம் வந்தது. 2002இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டு எடுத்த ஆய்வு ஒன்று அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். 86 சதவீதம் பேர் அதன்பின் உடல்நிலை மோசமானது என்றார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சட்டம் வந்து முப்பது வருஷம் கழித்து, 2025 ஜூலையில் பள்ளிப்பாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகம் விலைபோன செய்தி வந்தது. நம் திருச்சியிலும் பெரம்பலூரிலும் இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று அறுவை உரிமத்தை அரசு முடக்கியது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த வழக்கு அதன் பாதையில் போகட்டும். இந்தத் தலையங்கத்துக்கு அதில் ஒரு விஷயம்தான் வேண்டும். எடுக்கிற நாளில் அந்த உடம்புக்கு எத்தனை ஸ்கேன், எத்தனை பரிசோதனை! எடுத்த பிறகு ஒன்றும் கிடையாது. நம் உடம்பிலிருந்து எதையோ எடுக்க வேண்டும் என்றால் மட்டும் கருவிகள் நம்மைப் பார்க்கின்றன.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பொய். புத்தூரில் இருக்கிற மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலேயே மாற்றுச் சிறுநீரக அறுவை நடக்கிறது. கரூர், புதுக்கோட்டை, அரியலூர் சனங்கள் மெட்ராசுக்கு ஓட வேண்டியதில்லை. 2009இல் தொடங்கி 2012இல் விரிவான காப்பீட்டில் இந்த அறுவைக்கு இடம் கிடைத்தது. லட்சக்கணக்கில் செலவாகும் வைத்தியம் கூலிக்காரனுக்கும் எட்டியது. அரசு மருத்துவமனையில் மருந்தும் இலவசம். உறுப்பு தானம் செய்தவர் உடலுக்கு 2023 முதல் அரசு மரியாதை. இவ்வளவும் பல வருஷப் பொதுப்பணத்தாலும் டாக்டர்கள், நர்சுகள், வார்டு ஊழியர்கள் உழைப்பாலும் வந்தவை. இத்தனை செலவு செய்து ஓடவைத்த உயிரை, ஒரு அல்ட்ராசவுண்ட் எடுக்காததால் இழக்கலாமா என்பதுதான் என் கேள்வி. அதனால் சில கோரிக்கைகளை இங்கே வைக்கிறேன். பெரிய பணம் கேட்கும் கோரிக்கைகள் இல்லை.

ஒன்று: மாற்றுச் சிறுநீரகக்காரருக்கு எழுதும் ஒவ்வொரு ஸ்கேன் சீட்டிலும் ‘மூன்று சிறுநீரகத்தையும் பார்க்கவும்’ என்று அச்சடித்தே இருக்க வேண்டும். பழையது தெரியவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். தெரியாததை நன்றாக இருக்கிறது என்று எழுதக்கூடாது.

இரண்டு: மூன்று வருஷத்துக்குமேல் டயாலிசிஸில் இருப்பவர்களை மாற்று அறுவைக்கு முன்பே ஸ்கேன் செய்ய வேண்டும். அறுவைக்குப்பின் அவர்களுக்கும், கட்டிகள் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் இந்தப் புற்று வந்தவர்களுக்கும் வருஷம் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூன்று: கட்டியில் சந்தேகம் என்றால் அடுத்த படிக்கு, அதாவது மருந்து ஏற்றிய சி.டி.க்கோ எம்.ஆர்.ஐ.க்கோ, அதே மருத்துவமனையில் பணம் கேட்காமல் அனுப்ப வேண்டும். மண்டலத்துக்கு ஓர் அரசு மருத்துவமனையிலாவது குமிழி ஸ்கேன் வர வேண்டும்.

நான்கு: மாத்திரை வாங்க வருகிற அதே நாளில் ஸ்கேனும் எடுக்க ஏற்பாடு வேண்டும். துறையூரிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் வருகிற கூலிக்காரருக்கு இன்னொரு நாள் என்றால் இன்னொரு நாள் கூலி போயிற்று. ‘நோயாளி வரவில்லை’ என்று எழுதிவைக்கிற ரிப்போர்ட்டுகளில் பாதி, கூலி போய்விடும் என்று வராதவர்கள்.

ஐந்து: ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஒரு நோட்டு. மூன்று சிறுநீரகமும் எங்கே இருக்கிறது என்று ஒரு படம், போன வருஷ அளவு, இந்த வருஷ அளவு. தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒருவன் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடக்கூடாது.

ஆறு: கொடுத்தவர்களுக்கும் அதே நோட்டு, அதே வருஷாந்திரப் பரிசோதனை.

ஏழு: மாற்று அறுவைக்குப்பின் யாருக்குப் புற்று வந்தது, எந்தச் சிறுநீரகத்தில், எத்தனை வருஷம் டயாலிசிஸில் இருந்த பிறகு, என்ன தொழில், ஆணா பெண்ணா, எந்தச் சமூகம் என்று உறுப்பு மாற்று ஆணையம் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். கணக்கில் வராதவன் திட்டத்திலும் வரமாட்டான் என்பது நமக்குப் புதுப் பாடம் இல்லை.

இதையெல்லாம் அரசு தானாகத் தரும் என்று உட்கார்ந்திருந்தால் நடக்காது. நோயாளிகளும் அவர்கள் குடும்பமும் சேர்ந்து கேட்க வேண்டும். டாக்டரிடம் கேள்வி கேட்க நம் சனங்களுக்கு இன்னும் கூச்சம் இருக்கிறது. ‘கேட்டா கோச்சுக்குவாரோ, மாத்திரைய நிறுத்திருவாரோ’ என்ற பயம். அரசு மருத்துவமனை யாருடைய தயவிலும் நடப்பதில்லை, நாம் கட்டுகிற வரியில் நடக்கிறது. தீப்பெட்டி வாங்குகிறவனும் வரி கட்டுகிறான். மரியாதையோடு கேட்கலாம், ஆனால் கேட்க வேண்டும்.

இந்த இதழ் போகிற தெருக்களில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் இருக்கிறார்கள், டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள், கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருக்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்காதவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர்களுடைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பழைய சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா, கடைசியாக எப்போது பார்த்தது என்று தேடுங்கள். அடுத்த முறை போகும்போது பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம், இதை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: ‘டாக்டர், பழசு ரெண்டையும் பாத்தீங்களா?’

- ஆசிரியர்